காலால் மிதித்தால் குழந்தைக்கு மூச்சு! - டெல்லியும் ஸ்டான்ஃபோர்டும் கைகோத்த கதை

பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் எல்லோரும் காத்திருப்பது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். குழந்தையின் முதல் அழுகை! அது கேட்ட பிறகுதான் ஆணா, பெண்ணா, எத்தனை கிலோ என்ற பேச்செல்லாம். அதுவரை அப்பாவுக்கு நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது.

பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே அழுதுவிடுகின்றன. ஆனால், பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு, முதல் மூச்சை இழுக்க வெளியிலிருந்து ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. பலருக்கு உடம்பைத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். அதற்கும் அசையாத குழந்தைக்கு, பிறந்த 60 விநாடிகளுக்குள் செயற்கையாகக் காற்று செலுத்தத் தொடங்கிவிட வேண்டும். மருத்துவர்கள் இதை 'பொன்னான நிமிடம்' என்கிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது.

அந்த நேரத்தில் செவிலியர் கையில் எடுப்பது 'ஆம்பு பேக்'. ரப்பர் பந்து போல ஒரு பை, அதன் முனையில் சின்னதாக ஒரு முகமூடி. குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடும்படி முகமூடியை வைத்து, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை பையை அமுக்க வேண்டும். பார்க்க எளிய வேலை போலத்தான் இருக்கும். ஆனால், ஒரு கை முகமூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பையை அமுக்க வேண்டும். முகமூடி துளி விலகினாலும், நுரையீரலுக்குப் போக வேண்டிய காற்று கன்னத்தோரமாகக் கசிந்துவிடும். பச்சைக்குழந்தையின் முகம் நம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஒற்றைக் கையால் அதை ஆடாமல் பிடிப்பது, பழகியவர்களுக்கே சவால்.

பெரிய மருத்துவமனை என்றால் ஒரு குரல் கொடுத்தால் இன்னொருவர் ஓடி வருவார். இரவு 2 மணிக்கு, ஒரே ஒரு செவிலியர் பணியில் இருக்கும் கிராமத்து சுகாதார நிலையத்தில் யார் வருவார்? அங்கே குறைவது இன்னொரு கை.

'நியோபிரீத்' என்ற கருவி அந்தக் கையைக் காலில் தேடியது. தையல் மிஷின்போல காலால் மிதித்தால் காற்று போகும். இரண்டு கைகளும் சும்மா இருப்பதால், முகமூடியைக் கசியாமல் பிடித்துக்கொள்ளலாம். கூடவே இன்னொருவர் வேண்டியதில்லை. 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த 'இவ்வளவுதானா'வைக் கண்டுபிடிக்க, இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமே நடத்த வேண்டியிருந்தது.

மூன்று மருத்துவர்கள்

நியோபிரீத்தை உருவாக்கிய 'விண்ட்மில் ஹெல்த் டெக்னாலஜீஸ்' நிறுவனத்தின் அவிஜித் பன்சாலும் ஆயிஷா சவுத்ரியும் 'ஸ்டான்ஃபோர்டு - இந்தியா பயோடிசைன்' என்ற திட்டத்திலிருந்து வந்தவர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், டெல்லி எய்ம்ஸ், டெல்லி ஐ.ஐ.டி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. பணம் போட்டது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை. நோக்கம் ஒன்றுதான்: இந்தியாவுக்குத் தேவையான மருத்துவக் கருவிகளை யோசித்து, செய்து, நிறுவனமாகத் தொடங்கி விற்கக்கூடிய ஆட்களை உருவாக்குவது. கருவிகளை அல்ல, ஆட்களை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையும் ஆட்களைப் பற்றியதாகவே இருக்கப்போகிறது.

ஸ்டான்ஃபோர்டு பக்கம் இதற்கு வேர் போட்டவர் பால் யாக். இதய மருத்துவர். ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் உடம்பில் இவருடைய யோசனை ஒரு முறை போய் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு காலத்தில், இதய ரத்தக்குழாய்க்குள் பலூன் குழாயைச் செலுத்த, அதன் முழு நீளத்துக்கும் உள்ளே ஒரு கம்பி ஓட வேண்டும். கம்பியே சுமார் 3 மீட்டர் நீளம். ஒருவர் குழாயைப் பிடிக்க, இன்னொருவர் கம்பியைப் பிடிக்க என இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. யாக், கம்பி குழாயின் நுனிப் பகுதியில் மட்டும் நுழைந்தால் போதும் என்று மாற்றினார். கம்பியின் நீளம் குறைந்தது. ஒரே மருத்துவர் தனியாகச் செய்ய முடிந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்குவது இந்த முறைதான்.

கவனித்தீர்களா? இவர் செய்ததும் 'இன்னொரு கை' தேவைப்படாமல் செய்ததுதான்.

யாக், ஜோஷ் மேக்கோவர் என்ற இன்னொரு மருத்துவக் கண்டுபிடிப்பாளருடன் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பயோடிசைன் படிப்பை ஆரம்பித்தார். மருத்துவக் கருவி கண்டுபிடிப்பது ஏதோ மேதைகளுக்கு மட்டும் வரும் வரம் இல்லை, சைக்கிள்போல சொல்லிக்கொடுத்தால் வரும் என்பது இவர்களின் கட்சி. 2018-ல் அமெரிக்கப் பொறியியல் அகாடமி, பொறியியல் கல்வியில் புதுமைக்கான கோர்டன் பரிசை யாக்குக்கு வழங்கியது.

டெல்லிப் பக்கம் பல்ராம் பார்கவா. கொரோனா நாள்களில் டி.வி பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்போது ஐ.சி.எம்.ஆர் தலைவராக இருந்தாரே, அவரேதான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எய்ம்ஸின் இதயநோய் மருத்துவராக, குறைந்த விலையில் உள்நாட்டிலேயே ஸ்டென்ட் உருவாக்கும் முயற்சியில் இறங்கியவர். பயோடிசைன் திட்டத்தின் இந்திய முகம் அவர். ஸ்டான்ஃபோர்டில் இருந்தபடி இந்தியத் திட்டத்தை நடத்தியவர் ராஜீவ் தோஷி. குறட்டையும் மூச்சுத்திணறலுமாகத் தூங்குபவர்களுக்கு, மூக்கில் ஒட்டிக்கொள்ளும் சின்ன பட்டையைக் கண்டுபிடித்தவர்.

மூன்றாவது மருத்துவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அவர் பெயர் எம்.கே.பான். திட்டத்துக்குப் பணம் கொடுத்த துறையின் செயலாளர். அவருக்குத் தனி இடம் வேண்டும்.

சும்மா நின்று பாருங்கள்!

2007-ல் உருவான திட்டத்தின் முதல் அணி 2008-ல் பயிற்சியைத் தொடங்கியது. கூட்டம் சேர்க்கவில்லை. ஓர் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். மருத்துவர், இன்ஜினீயர், வடிவமைப்பாளர், வணிகம் படித்தவர் எனக் கலவையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் சில மாதங்கள் ஸ்டான்ஃபோர்டில், பிறகு டெல்லியில் என்று பயிற்சி இருந்தது.

இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முதல் கட்டம். எந்தக் கருவியையும் யோசிக்கக் கூடாது என்பதுதான் அங்கே பாடம். மருத்துவமனைக்குள் அனுப்பிவிடுவார்கள். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், கேஷுவாலிட்டி, கிராமத்து சுகாதார நிலையம்... எல்லா இடத்திலும் போய் ஓரமாக நிற்க வேண்டும். பார்க்க வேண்டும். எழுத வேண்டும். செவிலியர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்? வார்டு உதவியாளர் எதை நூல் போட்டுக் கட்டிச் சமாளிக்கிறார்? நோயாளியின் மகள் ராத்திரி முழுக்க எதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்?

நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அட்மிட் ஆனவர்களுக்கும் உடன் இருந்தவர்களுக்கும் இது புரியும். குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கும் உறவினரை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பார்த்துப் பார்த்தே அது ஒரு பிரச்னை என்பதே நமக்கு மறந்துவிட்டது. அதனால்தான், தினமும் அங்கேயே வேலை செய்பவர்களோடு வெளியிலிருந்து வரும் ஓர் இன்ஜினீயரையும் நிற்க வைக்கிறார்கள். மருத்துவருக்குப் பழகிப்போனது இன்ஜினீயருக்கு உறுத்தும்.

இப்படி எழுதும் பட்டியல் 200, 300 என்று நீளும். பிறகுதான் கழித்துக்கட்டும் வேலை. எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை? இப்போது என்ன செய்கிறார்கள்? தீர்வு கிடைத்தால் காசு கொடுக்கப்போவது யார்... நோயாளியா, மருத்துவமனையா, அரசா? ஏற்கெனவே யாராவது காப்புரிமை வாங்கிவிட்டார்களா? ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

இதில் கறாரான விதி ஒன்று உண்டு. தேவையை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அந்த வாக்கியத்துக்குள் தீர்வு ஒளிந்திருக்கக் கூடாது. உதாரணமாக, 'நல்ல ஆம்பு பேக் வேண்டும்' என்று எழுதினால் தப்பு. அப்படி எழுதினால் மனசு பையைச் சுற்றியே வரும். 'தனியாக இருக்கும் ஒரு செவிலியர், பிறந்த குழந்தைக்குக் கசிவில்லாமல் மூச்சு கொடுக்க ஒரு வழி வேண்டும்' என்று எழுதினால்தான், பை கைக்குப் பதில் காலுக்குப் போகலாம் என்பதே தோன்றும். காதலில், வேலையில், வீட்டுச் சண்டையில்கூட முயன்று பார்க்கலாம்போல!

யாரும் பேசாத பிரச்னை

அப்படி எய்ம்ஸ் வார்டுகளில் நின்று பார்த்த அணிகளில் ஒன்று, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தது. படுக்கையிலேயே இருக்கும் நோயாளியின் கட்டுப்பாடில்லாத மலம்.

பக்கவாதம் வந்த அப்பாவையோ, நினைவிழந்து படுத்த பாட்டியையோ பார்த்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். டயப்பர் மாற்றுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பு மாற்றுவது... முடித்துவிட்டு நிமிரும்போது மறுபடியும் ஆரம்பம். ஈரம் பட்டுப் பட்டுத் தோல் புண்ணாகும். படுக்கைப் புண்ணோடு மலமும் கலந்தால் தொற்று. ஐசியூவில் இன்னும் ஆபத்து, பக்கத்துப் படுக்கைக்கும் பரவலாம். நோயாளிக்கு நினைவு இருந்தால், வலியைவிட அவமானம் அதிகம். வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டுமா? மருமகள், மகள், மனைவி.

இதற்குக் கருவியே இல்லாமல் இல்லை. ஆனால், பயிற்சி பெற்ற கை வேண்டும், விலையும் அதிகம் என்பதால், ஏற்கெனவே இருந்தவை பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டவில்லை. மீதிப் பேருக்கு டயப்பர்தான் கதி. நிஷித் சஸ்மவாலா, அமித் சர்மா இருவரும் 'கன்ஷ்யூர் மெடிக்கல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி உருவாக்கிய 'கோரா' அந்த இடைவெளியைக் குறிவைத்தது. செவிலியர் எளிதாகப் பொருத்தக்கூடிய, மலத்தை உடம்பில் படாமல் நேராக ஒரு பைக்குக் கொண்டுபோகும் அமைப்பு அது.

கேட்பதற்கு கவர்ச்சியான விஷயமா? இல்லை. 'ஸ்டார்ட்அப்' என்றதும் நம் மனதில் வரும் காபி ஷாப், லேப்டாப், பல கோடி முதலீடு என்ற படத்தில் மலப் பைக்கு இடமே இல்லை. ஏழெட்டு பேர் ஒரே மாதிரி டெலிவரி ஆப் தொடங்கும் நாட்டில், இரண்டு இளைஞர்கள் இதைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் உழைத்ததை, ஒரு நல்ல சீரியலின் கதாநாயகர்களுக்குக் கொடுக்கும் மரியாதையோடு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கேட்காத காது

இதே பள்ளியிலிருந்து வந்த இன்னொருவர் நிதின் சிசோடியா. பெங்களூரில் 'சோஹம் இன்னோவேஷன் லேப்ஸ்' தொடங்கியவர். இவர் எடுத்துக்கொண்டது பிறந்த குழந்தையின் காது.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் குழந்தைகள் செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்கிறது மத்திய அரசு. பிரச்னை என்னவென்றால், பார்த்தால் தெரியாது. குழந்தை சிரிக்கும், பால் குடிக்கும், கை தட்டினால் சில நேரம் திரும்பக்கூடச் செய்யும் (சத்தத்துக்கு அல்ல, அசைவுக்கு). 'எங்க வீட்ல எல்லாரும் லேட்டாதான் பேசினோம்' என்று பாட்டி சொல்வார். சந்தேகம் வந்து டாக்டரிடம் போகும்போது மூன்று வயது ஆகியிருக்கும். மூளை மொழியைக் கற்றுக்கொள்ளும் அருமையான காலம் அதற்குள் பெரும்பகுதி போயிருக்கும்.

குழந்தையிடம் 'கேட்குதா?' என்று கேட்க முடியாது. மூளையிடம் கேட்கலாம். காதில் சத்தம் விழுந்தால், அது மூளைத்தண்டு வழியே போகும்போது மிக மெல்லிய மின்னலை உண்டாகும். தலையில் ஒட்டும் எலெக்ட்ரோடுகள் அதைப் பிடித்துவிடும். மருத்துவமனைகளில் 'பெரா டெஸ்ட்' என்று சொல்வார்களே, அதுதான். நம்பகமான பரிசோதனை. ஆனால், வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்கள் விலை அதிகம். அமைதியான அறை வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். நம் பிரசவ வார்டில் அமைதியான அறையா? பக்கத்துக் கட்டில் குழந்தை அழும், கேரியர் டப்பா விழும், வாட்ச்மேன் சத்தம் போடுவார்.

'சோஹம்' இந்த இரைச்சலோடு வாழப் பழகிய கருவி. மூன்று எலெக்ட்ரோடுகள், பேட்டரி, சுற்றுப்புற ஓசையைப் பிரித்துத் தள்ளும் உள்ளமைந்த கணக்குமுறை. அந்தக் கணக்குமுறைக்குக் காப்புரிமையும் உண்டு. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியதில்லை, ஊசி இல்லை. 2017 ஜூலையில் மத்திய அரசு இதை முறைப்படி அறிமுகம் செய்தது.

கருவி எதுவாக இருந்தாலும் சரி, வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 - 3 - 6. ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, குறை இருக்கலாம் என்று தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்குவது. டிஸ்சார்ஜ் ஆகும்போது 'காது டெஸ்ட் பண்ணியாச்சா?' என்று நீங்களாகவே கேளுங்கள்.

சொட்டு மருந்துக்குப் பின்னால் இருந்தவர்

இப்போது அந்த மூன்றாவது மருத்துவர். மகராஜ் கிஷன் பான். காஷ்மீரில் பிறந்தவர், எய்ம்ஸில் குழந்தைகள் நல மருத்துவர். 1980-களின் நடுவில் அவரும் சக மருத்துவர்களும் எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். ரோட்டா வைரஸ் தொற்று இருக்கிறது, ஆனால் வயிற்றுப்போக்கு இல்லை! குழந்தைகளை வாட்டி வதைக்கும் வைரஸ், இந்தக் குழந்தைகளை மட்டும் தொந்தரவு செய்யாமல் இருக்கிறதே, ஏன்?

அந்த வைரஸ் ரகத்துக்கு '116இ' என்று பெயர். அங்கிருந்து தடுப்பு மருந்தாக அது வருவதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. இந்திய, அமெரிக்க அரசுகளின் கூட்டுத் தடுப்பூசித் திட்டம், அமெரிக்க ஆய்வகங்கள், ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள், ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் எனப் பல கைகள் சேர்ந்தன. 6,799 குழந்தைகளிடம் நடந்த பெரிய பரிசோதனையின் மூன்று மையங்களில் ஒன்று நம் வேலூர் சி.எம்.சி. 'ரோட்டாவாக்' என்ற பெயரில் வெளிவந்த அந்தச் சொட்டு மருந்தை, டோஸ் ஒரு டாலருக்குத் தருவோம் என்றது நிறுவனம். 2016-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் மருந்து சேர்ந்தது.

எல்லை தாண்டிய கூட்டணி எப்படி வேலை செய்யும், எங்கே இழுபறியாகும், எத்தனை ஆண்டு பொறுமை வேண்டும் என்பதையெல்லாம் பான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல. அதே மனிதர் 2004-ல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளர் ஆனார். ஸ்டான்ஃபோர்டுடனான பயோடிசைன் திட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. 2012-ல் அவர் பதவி முடியும் ஆண்டில், உயிரித் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களுக்கு உதவ 'பைராக்' என்ற அரசு நிறுவனமும் தொடங்கப்பட்டது. பின்னாளில் புதுச்சேரி ஜிப்மரின் தலைவராகவும் இருந்தார். 2020 ஜனவரி 26 அன்று மறைந்தார்.

மாதிரி ரெடி... வாங்குவது யார்?

இதுவரை சொன்னது இனிப்பான பகுதி. இனி கசப்பு.

மருத்துவக் கருவியின் மாதிரியைச் செய்வது பாதி தூரம்கூட இல்லை. விலங்குகளிடம், பிறகு மனிதர்களிடம் பரிசோதனை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தரச் சான்று, உற்பத்தி, உரிமம் என வரிசை நீளம். இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கென்று முழுமையான தனி விதிகள் நடைமுறைக்கு வந்ததே 2018-ல்தான். அதற்கு முன் தொடங்கியவர்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாத நிலையில் இருந்தார்கள்.

எல்லாம் முடிந்து கருவி கையில் வந்தால், 'இதை ஏற்கெனவே எந்த மருத்துவமனை வாங்கியிருக்கிறது?' என்று கேட்பார்கள். முதல் மருத்துவமனை வாங்கினால்தானே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்! அரசு டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே முதலிடம், அதுதான் 'எல்-1'. ஆம்பு பேக்கின் விலையோடு மிதி கருவியின் விலையை அப்படியே ஒப்பிட்டால், மிதி கருவி தோற்றுத்தான் போகும். தனியாக இருக்கும் செவிலியருக்கு அது மிச்சப்படுத்தும் கையை டெண்டர் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்தியா பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவிகிதம் இறக்குமதி என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. கண்டுபிடிக்க ஆள் இல்லாததை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. கண்டுபிடித்தவரிடம் முதலில் வாங்க ஆள் இல்லாததும் காரணம் என்பது, இந்தக் கதைகளைப் படிக்கப் படிக்கத் தெரிகிறது.

சிலர் வேறு வழி பார்த்தார்கள். விபத்தில் முறிந்த காலை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் எளிய கட்டு ஒன்று இந்தத் திட்டத்தில் உருவானது. அதன் உரிமத்தைப் பொதுத்துறை நிறுவனமான 'ஹெச்.எல்.எல்' வாங்கிக்கொண்டது. 'நிரோத்' தயாரித்த அதே நிறுவனம்தான். சொந்தமாக நிறுவனம் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நல்ல கைக்கு மாற்றிவிடுவதும் வெற்றிதான்.

பெங்களூரு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜெகதீஷ் சதுர்வேதியின் பாதை இன்னொரு மாதிரி. இந்தத் திட்டத்தில் பயின்றவர்களில் கலகலப்பான ஆள். காரணம், அவர் மேடை நகைச்சுவைக் கலைஞரும்கூட! கையில் எடுத்துச் செல்லக்கூடிய 'என்ட்ராவியூ' என்ற கருவியின் பின்னணியில் இருப்பவர். அது முழுக்க இந்தத் திட்டத்தின் பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் யோசனை அதே ரகம். சுகாதாரப் பணியாளர் கிராமத்திலேயே காதுக்குள் படம் எடுப்பார், டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார். 'மெட்ரானிக்' என்ற பன்னாட்டு நிறுவனம் 'ஸ்ருதி' என்ற தன் திட்டத்தில் அதைப் பயன்படுத்தியது. இந்தியாவில் மருத்துவக் கருவி கண்டுபிடிப்பது எப்படி என்று 2015-ல் புத்தகமே எழுதினார் சதுர்வேதி. தனக்குப் பின்னால் வருபவர்கள் தான் முட்டிய சுவரிலேயே முட்ட வேண்டாமே என்ற நல்ல எண்ணம்.

இப்போது என்ன நிலை?

ஸ்டான்ஃபோர்டோடு தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு பெயரே மாறியது. 'ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் பயோடிசைன்'. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் டொட்டோரி பல்கலைக்கழகமும் கூட்டாளிகளாயின. ஜப்பான் ஏன் இந்தியாவோடு சேர வேண்டும் என்று யோசித்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. அங்கே இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், முதியவர்கள் பெருகி, பார்த்துக்கொள்ளும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். காரணம் வேறாக இருந்தாலும், அங்கேயும் குறைவது கைதான்.

மருத்துவம், பொறியியல், வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்ல இரண்டு விஷயங்கள். ஒன்று, இப்படிப்பட்ட பயிற்சிக்கு ஆராய்ச்சி அனுபவத்தைவிட, பொறுமையாக நின்று கவனிக்கும் குணம் முக்கியம். இரண்டு, யோசனை இருந்து பணம் இல்லையென்றால், பைராக்கின் 'பிக்' என்ற தொடக்க மானியம் 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கடன் இல்லை, மானியம். விண்ணப்ப அழைப்பு வரும் நேரத்தை அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கோரா என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? டெல்லி எய்ம்ஸ் வார்டில் நின்று பார்த்த பிரச்னைக்காக இங்கே உருவான அந்தக் கருவிக்கு, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்தது. படுக்கையில் இருக்கும் நோயாளியும், அவரைப் புரட்டிப் போட ஆள் போதாத செவிலியரும் அங்கேயும் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெல்லிக்கு வந்த பாடம், கருவியாகி அந்த ஊருக்கே திரும்பிப் போயிருக்கிறது.